ஒரே ஊரடங்கு, பல கொழும்புகள்

2020 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடளாவிய ரீதியில் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, கொழும்பு மாநகரின் தெருக்கள் யாவும் ஒரே நேரத்தில் வெறிச்சோடின. காலி வீதியில் வாகனங்கள் இல்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் கதவுகள் மூடப்பட்டன. புறக்கோட்டையின் மொத்த வியாபார நிலையங்கள் அடைபட்டன. வெளித்தோற்றத்தில் நகரம் ஒரே விதமாகவே அடங்கியது. எனினும், அந்த அமைதிக்குள் வாழ்ந்த மக்களின் அனுபவம் தெருவுக்குத் தெரு வேறுபட்டிருந்தது. சிலருக்கு அது எதிர்பாராத ஓய்வு. வேறு சிலருக்கு அடுத்த வேளை உணவு பற்றிய கவலை. இன்னும் சிலருக்கோ அது பழைய அச்சம் ஒன்றின் மீள்வருகையாக இருந்தது.

அக்காலத்தில் இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு இலகுவான ஒரு சொல் பயன்படுத்தப்பட்டது. கட்டளைக்குப் பணிந்த பகுதிகள் ‘பொறுப்புணர்வு மிக்கவை’ எனவும், ஆட்கள் வெளியே நடமாடிய பகுதிகள் ‘ஒழுங்கற்றவை’ எனவும் பேசப்பட்டன. 2020 மே மாத இறுதிக்குள் ஊரடங்கை மீறியதாகக் கைது செய்யப்பட்டோரின் எண்ணிக்கை நாடளாவிய ரீதியில் 60 ஆயிரத்தைத் தாண்டியமை இப்பேச்சுக்கு வலுச்சேர்த்தது. ஆனால், அந்நாட்களைச் சற்று விலகி நின்று நோக்குகையில், ஓர் அயலின் எதிர்வினையைத் தீர்மானித்தவை வேறு மூன்று காரணிகள் என்பது தெளிவாகும். குடியிருப்பின் அமைப்பு, வருமானம் வந்துசேரும் முறை, அரசு பற்றிய நினைவு என்பனவே அவை. இவற்றைப் புரிந்துகொள்ளாவிடின் அடுத்த கொள்ளைநோயின்போதும் அதே தவறுகளையே நாம் மீண்டும் இழைப்போம்.

நோய் வந்த பாதை

இலங்கையில் முதலாவது கொவிட்-19 நோயாளி 2020 ஜனவரி 27 ஆம் திகதி அடையாளம் காணப்பட்டார். அவர் சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி. குணமடைந்து நாடு திரும்பினார். இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டில் நோய் தொற்றியமை மார்ச் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் தெரியவந்தது. இத்தாலியிலிருந்து வந்த பயணிகளுக்கு வழிகாட்டியாகச் சென்றவர் அவர். மார்ச் 28 ஆம் திகதி முதலாவது மரணம் சம்பவித்தது.

நோய் விமானத்தில் வந்தது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். வெளிநாடு செல்லக் கூடியவர்களும் வெளிநாட்டவரோடு தொழில் செய்தவர்களும் வழியாகவே அது நாட்டினுள் நுழைந்தது. ஆயினும், சில வாரங்களில் அதன் சுமை இறங்கியது வாழைத்தோட்டம் போன்ற நெரிசலான பகுதிகளின் மீது. 2020 ஏப்ரலில் பண்டாரநாயக்க மாவத்தையில் தொற்று கண்டறியப்பட்டதும் அங்கு வாழ்ந்தோர் கூட்டங்கூட்டமாக பஸ்களில் ஏற்றப்பட்டு, தொலைவிலிருந்த தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இரண்டாவது அலை அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் கண்டறியப்பட்டு, கொழும்பு வடக்கின் தெருக்களுக்குள் புகுந்தது. மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, தெமட்டகொட, மாளிகாவத்தை என்ற பெயர்கள் நாளாந்தச் செய்தியறிக்கைகளில் திரும்பத் திரும்ப ஒலித்தன.

‘வீட்டிலிருங்கள்’ என்றால் எந்த வீட்டில்?

கொழும்பு மாநகர சபையின் எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அதற்குள் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணிப்பில், வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் 68 ஆயிரத்துக்கும் அதிகம். அதாவது, நகரத்தின் மக்களுள் ஏறக்குறைய அரைப்பங்கினர் நகரத்து நிலத்தின் மிகச்சிறிய ஒரு பகுதிக்குள் அடங்கி வாழ்கின்றனர்.

நமது பேச்சுவழக்கில் ‘தோட்டம்’ எனப்படும் இக்குடியிருப்புகளின் அன்றாட வாழ்வை அறிந்தவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். அங்கு வீடு என்பது சுவர்களுக்குள் முடிந்துவிடுவதில்லை. உறங்குவதற்கும் சமைப்பதற்கும் ஒரே அறை. குளிப்பது பொதுக் குழாயடியில். மலசலகூடம் பல குடும்பங்களுக்குப் பொதுவானது. பிள்ளைகள் படிப்பதும் முதியவர்கள் காற்று வாங்குவதும் ஒழுங்கையில். இரவு வேலைக்குச் செல்பவர் பகலில் உறங்குவதற்காகவே மற்றவர்கள் வெளியில் அமர்ந்திருக்கும் வீடுகளும் உண்டு. அத்தகைய ஒருவர் ஒழுங்கையில் அமர்ந்திருந்தபோது பொலிஸாரின் பார்வையில் அவர் ஊரடங்கை மீறியவரானார். அவரது பார்வையிலோ அவர் தமது வீட்டில்தான் இருந்தார்.

இதே நகரின் தென்புறத்தில், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகிய இடங்களின் தொடர்மாடிகளில் நிலைமை வேறு. அங்கு இடைவெளியைப் பேணுவது சிரமமாக இருக்கவில்லை. சில நாட்களில் மரக்கறி லொறிகள் வாயிலுக்கே வந்தன. மளிகைப் பொருட்களுக்கான பட்டியல்கள் வட்ஸ்அப் மூலம் அனுப்பப்பட்டன. ஆயினும் அங்கும் ஒரு துயரம் இருந்தது. பிள்ளைகளை லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் பெற்றோர் பலர் அம்மாடிகளில் உள்ளனர். அவர்களுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. மருந்தை வாங்கித்தர ஆள் இருக்கவில்லை. வீட்டுவேலைக்கு வந்து அவர்களைக் கவனித்துக்கொண்ட பெண்கள் ஊரடங்கினால் வர முடியாத நிலைக்கு உள்ளாகினர். பல ஆண்டுகளாக ஒரே தளத்தில் வாழ்ந்தும் பெயர் அறியாதிருந்த அயலவரின் கதவை அந்த முதியவர்கள் முதன்முறையாகத் தட்டினர்.

தோட்டத்தில் வாழ்பவருக்கு அயலவர் அதிகம், இடம் குறைவு. தொடர்மாடியில் வாழ்பவருக்கு இடம் உண்டு, அயலவர் குறைவு. ஒரே சுற்றறிக்கை இவ்விரு சாராருக்கும் பொருந்தும் என எதிர்பார்த்தமையே முதலாவது பிழை.

நாட்கூலியும் பெயர்ப்பதிவும்

இரண்டாவது காரணி வருமானம். மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஊரடங்கு என்பது வெளியே செல்லாத ஒரு மாதம். நாட்கூலி பெறுபவருக்கு அது வருமானமற்ற முப்பது நாட்கள். புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைகள், நடைபாதை வியாபாரிகள், முச்சக்கரவண்டிச் சாரதிகள், துறைமுகத்தைச் சார்ந்து சில்லறை வேலை செய்வோர் ஆகியோரின் வீடுகளில் அரிசியும் பருப்பும் நாளாந்தம் வாங்கப்படுபவை. மார்ச் 24 ஆம் திகதி கொழும்பில் ஊரடங்கு சில மணி நேரம் தளர்த்தப்பட்டபோது, ‘இரண்டு வாரங்களுக்குத் தேவையானதை வாங்கி வையுங்கள்’ என்ற ஆலோசனை இவர்களுக்குப் பயன்படவில்லை. வாங்கி வைப்பதற்குப் பணமும் இல்லை, வைப்பதற்கு இடமும் இல்லை.

அரசாங்கம் குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் 5 ஆயிரம் ரூபா கொடுப்பனவை வழங்கியது. அது பலருக்கு உண்மையான ஆறுதலாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அக்கொடுப்பனவு கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தது. நகரத்தில் வாழ்பவர்கள் யாவரும் அப்பதிவேட்டில் இருப்பதில்லை. ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்து கடைகளில் வேலை செய்து, கடையின் மேல்மாடியில் உறங்கும் மலையக இளைஞரின் பெயர் தோட்டத்து லயத்தின் முகவரியிலேயே உள்ளது. வாடகை அறையில் வாழும் குடும்பத்தின் வாக்காளர் பதிவு பெரும்பாலும் சொந்த ஊரில். இவர்கள் கொழும்பில் வாழ்ந்தனர். ஆனால் கொழும்பின் ஏட்டில் வாழவில்லை. ஊர் திரும்பவும் வழியின்றி, உதவி கோரவும் அலுவலகமின்றி அவர்கள் இடைநடுவில் நின்றனர்.

இந்நிலைமையின் மிகக் கொடிய வெளிப்பாடு 2020 மே 21 ஆம் திகதி மாளிகாவத்தையில் நிகழ்ந்தது. நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், தனிப்பட்ட ஒருவரால் பணம் பகிர்ந்தளிக்கப்பட்ட இடத்தில் கூட்டம் நெருக்குண்டு, மூன்று பெண்கள் உயிரிழந்தனர். கூட்டம் கூடியமை சுகாதார விதியை மீறிய செயல் என்று மறுநாளே கண்டனங்கள் எழுந்தன. அப்பெண்கள் நோயின் ஆபத்தை அறியாதவர்கள் எனக் கருதுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இரண்டு மாதங்களாக வருமானம் இல்லாத வீட்டிலிருந்து, சிறிய தொகை ஒன்றுக்காக அந்த ஆபத்தையும் பொருட்படுத்தாது அவர்கள் சென்றனர். அம்மரணங்களுக்கு நாம் கற்பிக்கும் காரணமே அடுத்த முறை நாம் எதைச் செய்வோம் என்பதைத் தீர்மானிக்கும்.

பட்டியலில் பெயர் எழுதப்படும்போது

மூன்றாவது காரணி, அரசு பற்றிய நினைவு. இது பற்றி அக்காலத்தில் அதிகம் பேசப்படவில்லை.

இலங்கையின் கொவிட் தடுப்புப் பணிகளுக்கான தேசிய செயற்பாட்டு மையம் இராணுவத் தளபதியின் தலைமையில் இயங்கியது. நோயாளியுடன் தொடர்புகொண்டவர்களைக் கண்டறியும் பணியில் புலனாய்வுப் பிரிவினரும் ஈடுபட்டனர். தென்னிலங்கையின் பல பகுதிகளில் இது நம்பிக்கையைத் தந்திருக்கலாம். ஆனால், கொழும்பில் வாழும் தமிழர் ஒருவரின் வாசலில் சீருடையினர் நின்று வீட்டில் எத்தனை பேர், யார் எங்கிருந்து வந்தவர், எப்போது வந்தார் என்று கேட்கும்போது, அக்கேள்விகளை அவர் கேட்பது முதன்முறையன்று. போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த தலைமுறை இது. 2007 ஜூனில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டதையும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை நிறுத்தியதையும் இவர்கள் மறந்திருக்கவில்லை. வாழைத்தோட்டத்தில் மக்கள் பஸ்களில் ஏற்றப்பட்ட காட்சி, நோக்கம் முற்றிலும் வேறாக இருந்தபோதிலும், பலரது மனதில் அந்த நாளை எழுப்பியது.

முஸ்லிம் மக்களின் நிலை இன்னும் கடினமானது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த பின்னர், அதே அயலில் வாழ்ந்த அப்பாவி முஸ்லிம்கள் மீது விழுந்த சந்தேகம் ஓராண்டாகியும் முற்றாக நீங்கியிருக்கவில்லை. அந்நிலையில், 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. நல்லடக்கத்துக்கு இடமளிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் தெரிவித்திருந்தும் இம்முடிவு மாறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டபோது, மக்கள் பொரளை கனத்தை மயானத்தின் வாயில் கம்பிகளில் வெள்ளைத் துணிகளைக் கட்டிச் சென்றனர். கோஷமில்லை, ஊர்வலமில்லை. பின்னர் அத்துணிகளும் அகற்றப்பட்டன.

இதன் விளைவு உணர்வுபூர்வமானது மாத்திரமன்று. அது சுகாதாரம் சார்ந்ததும் ஆகும். வைத்தியசாலைக்குச் சென்றால் உடலே திரும்பி வராது என்ற அச்சம் ஒருவருக்கு ஏற்படுமாயின், காய்ச்சலை அவர் மறைக்கவே முற்படுவார். 2020 இன் இறுதி மாதங்களில் கொழும்பில் வீட்டிலேயே இறந்து, அதன் பின்னரே தொற்று உறுதிசெய்யப்பட்டவர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவந்தன. அவற்றுள் எத்தனை அச்சத்தின் விளைவு என்பதை எவரும் கணக்கிட முடியாது. ஆனால், அச்சத்தை விதைத்துவிட்டு ஒத்துழைப்பை எதிர்பார்க்க இயலாது என்பது சாதாரண அறிவு. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வழங்கப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் ஆரம்பமாகின. கட்டாயத் தகனத்துக்காக அரசாங்கம் மன்னிப்புக் கோருவதற்கு அமைச்சரவை இணங்கியது 2024 ஜூலையிலேயே.

முகவரியே குற்றமான காலம்

இரண்டாவது அலையின்போது மேல் மாகாணத்தின் பொதுவான ஊரடங்கு 2020 நவம்பர் 9 ஆம் திகதி நீக்கப்பட்டது. ஆனால், கொழும்பு வடக்கின் பல பொலிஸ் பிரிவுகளும் தொடர்மாடிகளும் தொடர்ந்தும் தனிமைப்படுத்தப்பட்டிருந்தன. நகரின் ஒரு பாதி அலுவலகம் சென்றது. மறு பாதி கம்பித் தடுப்புகளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10 ஆயிரம் ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதிகள் அறிவிக்கப்பட்டன. அவை எல்லாத் தளங்களையும் சென்றடையவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. அம்மாதம் முகத்துவாரத்தில் தொடர்மாடிக் குடியிருப்பாளர்கள் வீதியில் இறங்கித் தம்மை விடுவிக்குமாறு கோரினர்.

அவர்களுட் பலர் உணவைவிட வேலையையே கேட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில், தடுப்புகள் நீக்கப்பட்ட பின்னரும் ‘கொழும்பு 15’ என்ற முகவரி அவர்களைத் தொடர்ந்தது. தேசிய அடையாள அட்டையில் அம்முகவரியைக் கண்டதும் ‘இன்னும் சில வாரங்கள் கழித்து வாருங்கள்’ எனத் திருப்பியனுப்பிய வேலைத்தலங்கள் இருந்தன. பரிசோதனைக்குச் சென்றால் தனக்கு மட்டுமன்றி முழுத் தோட்டத்துக்கும் தொழில் போய்விடும் என்ற நிலை ஏற்படும்போது, பரிசோதனையைத் தவிர்ப்பது அயலவருக்குச் செய்யும் உதவியாகவே ஒருவருக்குத் தோன்றலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இந்தச் சிக்கலான மனநிலையுடனேயே நாளாந்தம் போராட வேண்டியிருந்தது. அவர்களது பணி எவ்வளவு கடினமானதாக இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அயல் தாங்கிய சுமை

இத்தனைக்கும் மத்தியில் நகரம் பட்டினியால் மடிந்துவிடவில்லை. அதற்குரிய பெருமையில் கணிசமான பங்கு அயலுக்கு உரியது. மூலைக்கடை முதலாளி கடன் கொப்பியை மூடவில்லை. வரவேண்டிய பணம் வருமா என்று தெரியாமலேயே அரிசியை நிறுத்துக் கொடுத்தார். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றில் இயங்கிய இளைஞர்கள் மதம் பாராது பொதிகளைச் சுமந்தனர். பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் இசை மீண்டும் ஒழுங்கைக்குள் கேட்ட நாள் பலருக்கு ஊரடங்கு பாதி நீங்கிய நாளாக இருந்தது. தபால் ஊழியர்கள் கிளினிக் மருந்துகளை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தனர்.

இங்கு உணரவேண்டியது, அயலிடம் இருந்த தகவலின் பெறுமதியை. எந்த வீட்டில் நீரிழிவு நோயாளி உள்ளார், எந்தக் குடும்பத்தில் நேற்றிலிருந்து அடுப்பு எரியவில்லை, எந்த அறையில் ஊர் திரும்ப முடியாத பையன்கள் உள்ளனர் என்பதை மூலைக்கடைக்காரர் அறிவார். பிரதேச செயலகத்தின் ஏடு அறியாது. இவ்விரண்டையும் இணைக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அதேவேளை, அயலின் கருணைக்கும் எல்லை உண்டு. கடன் கொப்பியில் ஏறிய தொகையும் அடகுக்கடைக்குச் சென்ற நகையும் 2021 இல் மீளவில்லை. அதற்குள் பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, இக்குடும்பங்கள் அதனை வெறுங்கையுடனேயே எதிர்கொண்டன.

வரலாறு தரும் பாடம்

கொழும்புக்குக் கொள்ளைநோய் புதியதன்று. 2020 இல் பயன்படுத்தப்பட்ட தனிமைப்படுத்தல் சட்டமே 1897 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளரை ராகமையிலும் மண்டபத்திலும் முகாமிட்டுத் தடுத்து வைத்துப் பரிசோதித்த காலத்தின் சட்டம் அது. மனிதரை நோயின் காவியாக மாத்திரம் நோக்கும் பார்வை அதற்குள் ஊறியுள்ளது. 1914 இல் கொழும்பைப் பிளேக் நோய் தாக்கியபோது, நெரிசலான குடியிருப்புகளும் எலிகள் பெருகிய தானியக் களஞ்சியங்களும் அதன் களமாயின. நகரத்தின் வடிவமே நோயின் வழி என்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. 1921 இல் பற்றிக் கெடஸ் கொழும்பைப் பூங்கா நகராக அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். கறுவாத்தோட்டத்து நிழல் மரங்களில் அந்த எண்ணத்தின் சாயலைக் காணலாம். புளூமெண்டாலில் காண முடியாது.

கொவிட் நோய் இலங்கையில் 16 ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை நீக்கிக்கொண்டது. அத்துடன் இவ்விடயம் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிட்டது. ஆயினும், செய்யவேண்டியவை சில எஞ்சியுள்ளன. சொந்த ஊரில் பதிவுள்ள நகரவாசிகள் அவசரகாலத்தில் தாம் வாழும் இடத்திலேயே நிவாரணம் பெறக்கூடிய தற்காலிகப் பதிவுமுறை ஒன்று வேண்டும். தனிமைப்படுத்தப்படும் நாட்கூலித் தொழிலாளருக்கான கொடுப்பனவு, தடுப்புக் கம்பி போடப்படும் நாளிலேயே கையில் கிடைக்க வேண்டும். அறிவித்தல்கள் தமிழிலும் அதே மணித்தியாலத்தில் வெளிவர வேண்டும். கதவைத் தட்டும் முதல் ஆள் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவோ, அத்தெருவின் மக்கள் அறிந்த குடும்பநல உத்தியோகத்தராகவோ இருத்தல் வேண்டும். இறந்தவரின் உடல் தொடர்பான முடிவு விஞ்ஞானத்தின்படியும் உறவினரின் நம்பிக்கையின்படியும் எடுக்கப்பட வேண்டும். 1897 ஆம் ஆண்டின் சட்டம் இந்தக் கண்கொண்டு மீளாய்வு செய்யப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. நோயில்லாத காலத்தில், அவசரமின்றி அமர்ந்து செய்து முடிக்கக்கூடியவை. பொதுக் குழாயடியில் வரிசையில் நிற்கும் குடும்பங்களின் குடியிருப்புப் பிரச்சினை இவற்றைவிடப் பெரியது. அது தீர ஆண்டுகள் பல செல்லும். ஆனால், அக்குடும்பங்களை நோக்கி மீண்டும் ஒருமுறை ‘வீட்டிலிருங்கள்’ என்று கட்டளையிடும் நாள் வருமாயின், அதற்கு முன்னர் அவர்களது வீட்டை ஒருதடவையேனும் சென்று பார்த்திருப்பது ஆட்சியாளர்களின் குறைந்தபட்சக் கடமையாகும்.